குட் மார்னிங் வேண்டாம் என்று நானூறு மெசேஜ்

(இந்த வாரம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் வாட்ஸ்அப் குழுச் சண்டை. சரி, ஒரேயடியாக அதையே பேசிவிடுவோம்.)

அண்ணா, நாங்கள் 1996-ல் பத்தாவது முடித்த செட், மொத்தம் 160 பேர். யாருக்கும் மனவருத்தம் வரக் கூடாதென்று எல்லாரையும் அட்மின் ஆக்கினோம். குட் மார்னிங் படமும் அரசியலும் கூடாது என்று ஒருத்தன் விதி போட்டான், 'நீ யாருடா விதி போட?' என்று இன்னொருத்தன் கேட்டான், அப்புறம் ஓட்டெடுப்பு, அந்த ஓட்டெடுப்பு செல்லாது என்று தனியாக ஒரு சண்டை. போன ஞாயிறு மட்டும் நானூறு மெசேஜ். இப்போது ஒருத்தன் போட்டதை இன்னொருத்தன் அழிக்கிறான். என்ன செய்யலாம்?
*அம்மாப்பேட்டை வாசகர்*

முதலில் ஒரு கணக்கு. நாளைக்குப் பத்து குட் மார்னிங் என்று வைத்துக்கொண்டால்கூட, நாற்பது நாளுக்கு வர வேண்டியதை ஒரே ஞாயிற்றுக்கிழமையில், அதுவும் குட் மார்னிங் வேண்டாம் என்பதற்காகவே தீர்த்திருக்கிறீர்கள். சிரிப்பு வருகிறது, ஆனால் இது உங்கள் செட்டுக்கு மட்டும் வந்த வியாதி இல்லை.

1979-ல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழக மாணவர்கள் டாம் ட்ரஸ்காட், ஜிம் எல்லிஸ் இருவரும் யோசித்துத் தொடங்கிய யூஸ்நெட் என்று ஒன்று உண்டு, கணினி வழியாகக் குழு குழுவாக எழுதிப் பேசிக்கொள்ளும் ஏற்பாடு. அதற்கு முதலாளி கிடையாது. ஒருவர் எழுதியது இந்தக் கணினியிலிருந்து அடுத்ததற்கு, அங்கிருந்து அதற்கடுத்ததற்கு என்று நகலாகிப் போய்க்கொண்டே இருக்கும். பெரும்பாலான குழுக்களில் வருவதைப் பார்த்து உள்ளே விட ஆளும் இல்லை. ஆனால் புதுக் குழு தொடங்க ஓட்டெடுப்பு வைத்தார்கள். வேண்டாம் என்பவர்களைவிட வேண்டும் என்பவர்கள் 100 பேராவது கூடுதலாக இருக்க வேண்டும், அதோடு மூன்றில் இரண்டு பங்கு ஓட்டும் தேற வேண்டும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பெரிய கணினிகளை வைத்திருந்த சிலர் கையில்தான் எதை அனுப்புவது, எதை நிறுத்துவது என்ற பிடி இருந்தது, அது பிடிக்காத மூன்று பேர் 1987-ல் கலிபோர்னியாவில் ஒரு சுட்ட கறிக் கடையில் உட்கார்ந்து பேசி, 'ஆல்ட்' என்று தனிக் குழு வரிசையையே ஆரம்பித்துவிட்டார்கள். அங்கே ஓட்டும் வேண்டாம், யாருடைய ஒப்புதலும் வேண்டாம்.

அழிக்கிற கூத்தும் அங்கே நடந்தது. தான் எழுதியதைத் தானே ரத்து செய்யத்தான் வசதி வைத்தார்கள், ஆனால் அடுத்தவர் பெயரில் பொய்யாக ரத்து அனுப்புவது சுலபம் என்று தெரிந்ததும் ஆளாளுக்கு அழிக்க ஆரம்பித்தார்கள். கடைசியில் பல கணினிகளில் ரத்து என்று எது வந்தாலும் கண்டுகொள்ளாதே என்று மாற்றி வைத்துவிட்டார்கள்.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். 160 பேரும் அட்மின் என்றால் அட்மினே இல்லை என்று அர்த்தம். அங்கே யார் போட்ட விதியும் ஒரு வேண்டுகோள்தான், கேட்கிறவன் கேட்பான், கேட்காதவனை நீங்கள் ஒன்றும் செய்ய முடியாது, ஓட்டில் ஜெயித்தாலும் முடியாது. அதனால் ஓட்டெடுப்பை விட்டுவிட்டு ஆல்ட்காரர்கள் செய்ததைச் செய்யுங்கள். இந்தக் குழு இப்படியே அடித்துக்கொண்டு கிடக்கட்டும். கல்யாணம், துக்கம், ஆஸ்பத்திரி உதவிக்கு மட்டும் வேறொரு குழு, மூன்றே மூன்று பேர் அட்மின், அட்மின் மட்டுமே எழுதலாம் என்ற வசதி 2018-லிருந்தே இருக்கிறது. விதியைச் சொல்லிவிட்டு ஆளைச் சேருங்கள். உள்ளே வந்து உட்கார்ந்த 160 பேரிடம் பிறகு சொன்னால் 'நீ யாருடா?' என்றுதான் கேட்பார்கள், அதுவும் கூடப் படித்தவன் கேட்காமல் இருப்பானா?

எங்கள் மலைக் கிராமத்தில் ஊர்க்கவுண்டர் ஒரு வார்த்தை சொன்னால் மறுபேச்சு இல்லை. அதே ஆட்கள் போனில் குழு என்று வந்தால் அவரையே எதிர்த்து எழுதுகிறார்கள். படிப்பு வந்ததும் மரியாதை போய்விட்டதா?
*ஏற்காடு வாசகர்*

படிப்பின் மேல் ஏன் பழி போடுகிறீர்கள்? ஊரில் அவரை மீறினால் நாளைக்கு வீட்டுக் கல்யாணத்துக்கு யார் வருவார், திருவிழாவில் எங்கே நிற்பது, ஒரு சாவு என்றால் தோள் கொடுப்பது யார் என்று நூறு யோசனை ஓடும். ஊரைவிட்டுப் போவதென்றால் காட்டையும் வீட்டையும் விட்டுப் போக வேண்டும். குழுவைவிட்டுப் போக ஒரு விரல் போதும், போய்விட்டு மறுவாரம் திரும்பியும் வரலாம். பயமுறுத்த எதுவும் இல்லாத இடத்தில் ஊர்க்கவுண்டர் என்ன, கலெக்டர் சொன்னாலும் அப்படித்தான். அந்த மனிதரை ஊர் மந்தையிலேயே பேச விடுங்கள், போனில் அவரை இழுத்து ஏன் சிறுமைப்படுத்த வேண்டும்?

கொலுசுப் பட்டறை வைத்திருப்பவர்களுக்காக ஒரு குழு. நாலு வருடம் அமைதியாகப் போனது. இப்போது யார் யாரோ வருகிறார்கள், ஒரே கேள்வியை நாளைக்கு இருபது தடவை கேட்கிறார்கள். பழைய ஆட்கள் பேசுவதையே நிறுத்திவிட்டார்கள்.
*செவ்வாய்ப்பேட்டை வாசகி*

அம்மா, மே மாதத்தில் ஏற்காடு போயிருக்கிறீர்களா? கோடை விழாக் கூட்டம், இருபது கொண்டை ஊசி வளைவிலும் கார் வரிசை, ஏரிக்கரையில் குப்பை. மலையில் இருப்பவர்கள் முணுமுணுத்துக்கொண்டே பொறுத்துக்கொள்வார்கள், ஏனென்றால் ஜூன் வரும். யூஸ்நெட்டிலும் அப்படித்தான், ஒவ்வொரு செப்டம்பரிலும் கல்லூரியில் சேர்ந்த புது மாணவர்கள் திமுதிமுவென்று உள்ளே வந்து தப்புத் தப்பாக எழுதுவார்கள், பழையவர்கள் திட்டித் திட்டிச் சொல்லிக் கொடுத்து ஒரு மாதத்தில் சரியாகிவிடும். 1993-94-ல் பெரிய இணையக் கம்பெனிகள் தங்கள் வாடிக்கையாளர்களுக்கும் கதவைத் திறந்துவிட்டன, அதன் பிறகு கூட்டம் குறையவே இல்லை. 'முடியாத செப்டம்பர்' என்றே அதற்குப் பெயர் வைத்துவிட்டார்கள். உங்களுக்கு வந்திருப்பது முடியாத மே மாதம்.

பழகச் சொல்லித்தர ஒரு ஆள் எத்தனை பேரைத் தாங்குவார்? வாரத்துக்கு ஐந்து பேருக்கு மேல் சேர்க்காதீர்கள். அடிக்கடி வரும் கேள்விகளுக்கு ஒரே மெசேஜாகப் பதில் எழுதி மேலே பின் பண்ணி வையுங்கள், அதைப் படிக்க மாட்டார்கள், ஆனாலும் 'மேலே பாருங்க' என்று சொல்ல வசதியாக இருக்கும்.

அட்மினாக இருந்தால் அடுத்தவர் போட்ட மெசேஜுக்கு நம் மேல் கேஸ் வருமா?
*சேலம் குகை வாசகர்*

அட்மின் என்ற ஒரே காரணத்துக்காக வழக்கில் சேர்க்கக் கூடாது என்ற கருத்தில் 2021 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை சொல்லியிருக்கிறது, 2022 பிப்ரவரியில் கேரள உயர் நீதிமன்றமும் அட்மின் அதற்குப் பொறுப்பில்லை என்றது. நீங்களே சேர்ந்து தூண்டிவிட்டால் கதை வேறு.

தட்டுவடை செட் கடை திறந்த ஒருவர் எங்கள் குடியிருப்புக் குழுவில் விளம்பரம் போட்டார். விதிப்படி உடனே நீக்கிவிட்டேன். இப்போது பாதிப் பேர் என்னோடு பேசுவதில்லை.
*சூரமங்கலம் வாசகர்*

அவர் செய்தது ஒரு தட்டுவடை அளவு தப்பு, நீங்கள் கொடுத்தது ஊர்விலக்கு. 2009-ல் பொருளாதாரத்துக்கு நோபல் வாங்கிய முதல் பெண் எலினார் ஆஸ்ட்ரம், வாய்க்கால் தண்ணீரையும் மேய்ச்சல் நிலத்தையும் ஊரே சேர்ந்து எப்படிக் காப்பாற்றுகிறது என்று பல நாடுகளில் பார்த்தவர். நீண்ட காலம் நின்ற இடங்களில் விதியைக் கடைப்பிடிக்கிறவர்களே அதைப் போடுவதிலும் கலந்துகொண்டார்கள், முதல் தப்புக்குச் சின்னத் தண்டனை, திரும்பத் திரும்பச் செய்தால்தான் பெரிசு. உங்கள் விதியை யாரைக் கேட்டுப் போட்டீர்கள் என்று கடிதத்தில் இல்லை. அவரைத் திரும்பச் சேருங்கள். நேரில் போய்ச் சொல்லுங்கள், காரம் கொஞ்சம் தூக்கலாக ஒரு செட்டும் வாங்கிச் சாப்பிட்டுவிட்டு வாருங்கள்.

இவ்வளவு பேசுகிறீர்களே, உங்கள் குழுவில் விதி உண்டா சார்?
*அஸ்தம்பட்டி வாசகர்*

காலை நடைக்கு வருபவர்கள் குழு ஒன்று இருக்கிறது. 14 விதி. எழுதியவர் ரிட்டயர் ஆன பெரியவர், ஒரு மாதம் உட்கார்ந்து எழுதினார், ஆறாவது விதி: வியாபாரம் கூடாது. போன மே மாதம் அவரே தன் தோப்பு மல்கோவாவைப் படம் பிடித்துக் கிலோ விலையோடு போட்டார். ஒருத்தர் வாய் திறக்கவில்லை. நான் ஐந்து கிலோ வாங்கினேன். ஆறாவது விதி இன்னும் அப்படியேதான் இருக்கிறது, அடுத்த சீசனுக்கு இமாம்பசந்த் கிடைக்குமா என்று அவரிடம் தனி மெசேஜில் கேட்டு வைத்திருக்கிறேன்.