லிஸ்ட் போடேக்க பிள்ளை எங்க நிண்டவள்?

கேள்வி: அக்கா, நாங்கள் கோண்டாவில். மகள் ரெண்டாந்தரம் ஏ.எல் பயோ எடுத்தவள், ஒரு ஏ ரெண்டு பி. மெடிசினுக்கு எட்டாது எண்டு சேர்மார் சொல்லுகினம். கம்பஸ் விண்ணப்பம் ஒன்லைன்ல போட்டாச்சு. மகள் அண்டைக்கு ரியூசன்ல நிண்டவள், அதால நானும் இன்ரநெற் கடைத் தம்பியும் கனடாவில இருக்கிற அண்ணாவைப் போனில வைச்சுக்கொண்டு நிரப்பினனாங்கள். மெடிசின், டென்டல், வெற்றினரி மட்டும்தான் போட்டது. வேற ஏதும் போட்டா அதுக்குள்ள மாட்டுப்பட்டுப் போவாள், பிறகு மூண்டாந்தரம் எடுத்தாலும் மெடிசின் போகேலாது எண்டு அண்ணா சொல்லுறார். சரியோ? முடிவுத் திகதிக்கு இன்னும் ஒரு கிழமை கிடக்கு. மகளுக்கும் சம்மதம்தான், வந்து தாளைப் பாத்திட்டு ஒண்டும் சொல்லேல்லை.

பதில்: தங்கச்சி, மகள் ரியூசன்ல நிண்டவள் எண்டு போற போக்கில எழுதிப்போட்டுப் போயிட்டியள், எனக்கு அந்த இடத்தைத் தாண்டி வாசிக்க மனம் வரேல்லை. அவளின்ர நாலைஞ்சு வருசத்தைத் தீர்மானிக்கிற பாடநெறி விருப்ப லிஸ்ட் போடேக்க கடைத் தம்பிக்குக் கதிரை இருந்தது, கனடாவுக்குப் போனில இடம் இருந்தது, பிள்ளைக்கு இடமில்லை. ஒரு பின்னேர வகுப்பை விட்டிருந்தா குடி முழுகிப் போமோ? அதோட இன்னொண்டும் கேக்கிறன், கம்பஸ் விண்ணப்பமே போய் முடியேல்லை, அதுக்குள்ள மூண்டாந்தர வகுப்புக்கு அவளை அனுப்பினது ஆர்? அவளைக் கேட்டோ அனுப்பினனீங்கள்?

ஒண்டும் சொல்லேல்லை, அதால சம்மதம் எண்டுறியள். பொம்பிளையைக் கேளாமல் கலியாண எழுத்து முடிச்சுப்போட்டு, பெட்டை அழேல்லைத்தானே எண்டு சொல்லுற மாதிரிக் கிடக்கு. ரெண்டு தரம் சோதினை எடுத்துக் களைச்சுப்போன பிள்ளை, தன்ர பேரில தானில்லாமல் நிரப்பின தாளைப் பாத்திட்டு வாய் திறக்காமல் போறாள் எண்டா எனக்கு அது வயித்தைக் கலக்குது, உங்களுக்கு நிம்மதியா இருக்கு.

இனி அண்ணாவின்ர கதைக்கு வாறன். அவர் பாதிதான் சரி. ஒருக்கால் ஒரு பாடநெறிக்குப் பதிஞ்சா பேந்து விண்ணப்பிக்கேலாது, அது உண்மை. ஆனா பூட்டு விழுறது பதிவு செய்யேக்கதான், லிஸ்டில எழுதினதால ஒருத்தரும் பூட்டுப்படுறேல்லை. விருப்ப ஒழுங்கை மேலயிருந்து கீழ பாத்துக்கொண்டு வருவினம், எந்த இடத்தில அவளின்ர இசட் புள்ளி (ஏ.எல் பெறுபேற்றைப் பாடங்களுக்கிடையில ஒப்பிடக் கணிக்கிற புள்ளி) வெட்டுப்புள்ளியை, அதாவது அந்தப் பாடநெறிக்கு எடுபடத் தேவையான ஆகக் குறைஞ்ச புள்ளியைத் தொடுதோ அந்தப் பாடநெறி கிடைக்கும். முதலாவதா மெடிசின் போட்டு அது கிடைக்கேல்லை எண்டாலும் கீழ உள்ளதுக்கு ஒரு நட்டமும் இல்லை, அதே மாதிரி கீழ நேர்சிங் போட்டதால மேல உள்ள மெடிசினுக்கும் ஒரு குறையும் வராது. நீங்கள் மூண்டோட நிப்பாட்டினதால வந்த லாபம் என்ன எண்டா, அந்த மூண்டும் கிடைக்காட்டி அவளுக்கு முன்னால ஒண்டுமே இல்லை. கம்பஸ் அனுமதிக்கு மூண்டு தரம்தான் எடுக்கலாம் எண்டது தெரியும்தானே, கடைசித் தரத்தில காய்ச்சல் வந்தா என்ன செய்வியள்?

வெற்றினரி போட்டிருக்கிறியள். அது இலங்கையில பேராதனையில மட்டும்தான் கிடக்கு, மாட்டுக்கும் நாய்க்கும் கிட்டப் போக அவளுக்குப் பிடிக்குமோ எண்டாவது கேட்டனீங்களோ? டொக்டர் எண்டு பேருக்கு முன்னால வரும் எண்டதுக்காகப் போட்டமாதிரித்தான் எனக்குத் தெரியுது. இஞ்ச யாழ்ப்பாணக் கம்பஸிலயே நேர்சிங், பார்மசி, மெடிக்கல் லபோரட்டரி சயன்ஸ் இருக்கு, கைதடியில சித்த மருத்துவம் இருக்கு, திருநெல்வேலியில உயிரியல் விஞ்ஞானம், கிளிநொச்சி அறிவியல் நகரில விவசாய பீடம். இதில ஒண்டு அவளின்ர மனசுக்குள்ள கிடந்திருக்கும், கேட்டிருந்தா சொல்லியிருப்பாள்.

வெட்டுப்புள்ளி மாவட்டத்துக்கு மாவட்டம் மாறும், அதால முல்லைத்தீவு எண்டா கிடைச்சிருக்கும், மன்னார் எண்டா கிடைச்சிருக்கும் எண்டு சொந்தக்காரர் கதைப்பினம், காது குடுக்காதேங்கோ. அனேகமான பாடநெறிகளுக்கு 40 வீதம் அகில இலங்கைத் திறமை, 55 வீதம் மாவட்டக் கோட்டா, 5 வீதம் பின்தங்கின மாவட்டங்களுக்கு மேலதிகமா. பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு போன வருசங்களில விட்ட வெட்டுப்புள்ளி அட்டவணையை எடுத்து, யாழ்ப்பாணம் எண்ட நிரலில விரலை வைச்சு, பிள்ளையின்ர இசட் புள்ளியோட ஒண்டொண்டாப் பாருங்கோ. அவளோட இருந்து பாருங்கோ.

அண்ணா காசு அனுப்புறார், அது லேசான விசயம் இல்லை. தாய்மாமனுக்கு எங்கட சனத்துக்குள்ள ஒரு இடம் இருக்கு, சாமத்தியத்திலயிருந்து கலியாணம் மட்டும் முன்னுக்கு நிக்கிற மனுசன், அவரிட்டை அபிப்பிராயம் கேளுங்கோ, கட்டாயம் கேளுங்கோ. ஆனா லிஸ்ட் போடுறது அவற்ர வேலை இல்லை. உங்கட கடிதத்தில தேப்பனைப் பற்றி ஒரு வரியும் இல்லை. மனுசன் இருக்கிறார் எண்டா அவரையும் கூப்பிட்டு இருத்துங்கோ. படிச்சு வந்த பிள்ளை தாய் தேப்பனைப் பாக்கோணும், கூடப்பிறந்ததுகளைத் தூக்கி விடோணும் எண்டதில எனக்கு ரெண்டாம் பேச்சே இல்லை. அந்தக் கடமையை அவளிட்டை நாளைக்குக் கேக்கப்போற நீங்கள், இண்டைக்கு உங்கட கடமையைக் கடைத் தம்பியிட்டை விட்டுப்போட்டு வந்திருக்கிறியள்.

இந்தச் சனிக்கிழமை வகுப்பை விடச் சொல்லுங்கோ. ஆணைக்குழுவின்ர கம்பஸ் அனுமதிக் கைநூலை மேசையில விரிச்சு வைச்சு, பேனையை அவளிட்டைக் குடுத்து, போக விருப்பமான எல்லாத்தையும் அவளின்ர ஒழுங்கிலயே எழுதச் சொல்லுங்கோ, போகவே மாட்டன் எண்டுறதை எழுதச் சொல்லி நெருக்காதேங்கோ. உடன பதில் வராது, ஒரு தேத்தண்ணி போட்டுக் குடுத்திட்டுப் பேசாமல் இருங்கோ. மூண்டாந்தரம் எடுக்கத்தான் போறன் எண்டு அவளே சொன்னா எடுக்கட்டும், நான் மறிக்கேல்லை. பிறகு அவளையும் கூட்டிக்கொண்டு போய்த் திகதி முடிய முதல் திருத்துங்கோ. விண்ணப்பத்தில ஆற்ர போன் நம்பர், ஆற்ர இமெயில் குடுத்தது எண்டும் பாருங்கோ, கடைத் தம்பியின்ரயா இருந்தா அங்கயே மாத்துங்கோ, வாற அறிவித்தல் எல்லாம் அதுக்குத்தான் வரும்.

லிஸ்ட் மாறினதை அண்ணாவுக்கு நீங்கள் எடுத்துச் சொல்லுங்கோ. அதைப் பிள்ளையின்ர தலையில கட்டாதேங்கோ.