உள்மனச் சாய்வு என்றால் என்ன? கல்லூரிக்குப் புதிதாக வந்தவர்களுக்கு எப்படிப் புரியவைப்பது?

யோசிப்பதற்கு முன்பே ஒருவரைப் பற்றி மனம் எடுத்துவிடும் முடிவுதான் உள்மனச் சாய்வு. குழு வேலை பிரிக்கும்போது கவனிக்கச் சொல்லுங்கள்: குறிப்பெடுக்கும் பொறுப்பு எப்படியோ ஒரு பெண்ணிடம் போய்ச் சேர்ந்திருக்கும். யாரும் திட்டமிட்டிருக்க மாட்டார்கள்.

மூளைக்குக் குறுக்குவழி பிடிக்கும். சின்ன வயதிலிருந்து சேர்ந்தே பார்த்தவற்றை முடிச்சுப் போட்டு வைத்துக்கொள்ளும். சுவிட்சை இடம் மாற்றிய பிறகும் கை பழைய இடத்துக்கே போகுமே, அந்தக் கதைதான். 1998இல் அமெரிக்க உளவியலாளர் கிரீன்வால்டும் சக ஆய்வாளர்களும் வெளியிட்ட சோதனை, சொற்களை வகை பிரிக்கும் வேகத்தை வைத்து இந்த முடிச்சுகளை அளக்கப் பார்த்தது. (ஒரே ஆளுக்கே அடுத்த முறை மதிப்பெண் மாறலாம்; அதை வைத்து முத்திரை குத்தாதீர்கள்.) என்னைக் கேட்டால், சாய்வின் பாதிப்பைக் குறைக்க மணிக்கணக்கில் பேசுவதைவிடப் பெயரை மறைத்து விடைத்தாள் திருத்துவது உருப்படியான வேலை.

அப்புறம், சாய்வு இருந்தால் கெட்டவர் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை, வெறுப்பே இல்லாதவரிடமும் இது இருக்கும்.