வைகை டிக்கெட்டில் பாண்டியனில் ஏறலாமா?

கேள்வி: எழுபது வயது அப்பாவை கண் பரிசோதனைக்காக சென்னைக்கு அனுப்புகிறோம். திரும்பி வர வைகை எக்ஸ்பிரஸில் ஏசி சேர் கார் போட்டிருக்கிறது. மருத்துவமனையில் நேரம் இழுத்துவிட்டால் அதே டிக்கெட்டைக் காட்டி இரவு பாண்டியன் எக்ஸ்பிரஸில் வரலாமா? இரண்டுமே எழும்பூரிலிருந்து மதுரைக்குத்தானே வருகின்றன?
– வாசகி, உசிலம்பட்டி

பதில்: வர முடியாதும்மா. முன்பதிவு டிக்கெட் அந்தத் தேதிக்கு, அந்த வண்டிக்கு, அந்த இருக்கைக்கு மட்டும்தான். அதை வைத்துக்கொண்டு பாண்டியனில் ஏறினால், படுக்கைப் பெட்டியானாலும் சரி, பொதுப்பெட்டியானாலும் சரி, அப்பா டிக்கெட் எடுக்காத பயணியாகத்தான் கணக்கு. டி.டி.இ. கட்டணத்தையும் வாங்குவார், அதற்கு மேல் அபராதமும் போடுவார். அபராதம் குறைந்தது 250 ரூபாய். கட்டணம் அதைவிட அதிகம் என்றால் அபராதமும் அதே அளவு. “காசு கொடுத்துத்தானே டிக்கெட் எடுத்தேன்” என்று விழுப்புரம் தாண்டி ஒரு பெரியவர் பையும் கையுமாக வாதாடி நிற்பதைப் பார்க்க மனசு கஷ்டமாக இருக்கும், ஆனால் விதி அவர் பக்கம் இல்லை.

அதனால் செய்ய வேண்டியதெல்லாம் வைகை கிளம்புவதற்கு முன்னால்தான். கவுன்டரில் எடுத்த டிக்கெட் என்றால், வண்டி புறப்பட 48 மணி நேரத்துக்கு முன்பே முன்பதிவு மையத்தில் கொடுத்து, இடம் இருக்கும் வேறு வண்டிக்கோ வேறு தேதிக்கோ மாற்றிக் கேட்கலாம், ஆனால் ஒரு முறைதான். அந்தக் கெடு தாண்டிவிட்டால் ரத்து செய்துவிட்டுப் புதிதாக எடுப்பதுதான் வழி. ரத்து செய்வதையும் கடைசி நேரம் வரை தள்ளிப்போடாதீர்கள், நேரம் நெருங்க நெருங்க பிடித்தம் ஏறிக்கொண்டே போகும், சார்ட் (இடம் கிடைத்த பயணிகளின் இறுதிப் பட்டியல்) போட்ட பிறகு உறுதியான டிக்கெட்டுக்கு அநேகமாக ஒன்றும் திரும்பாது. இதில் ஒரு விலக்கு உண்டு: வைகையே 3 மணி நேரத்துக்கு மேல் தாமதம் என்று அறிவித்து, அப்பா அதில் வராமல் இருந்துவிட்டால் முழுப் பணமும் கிடைக்கும். ஆன்லைன் டிக்கெட் என்றால் வண்டி நிஜமாகவே கிளம்புவதற்குள் டி.டி.ஆர். (பணம் திரும்பக் கேட்கும் விண்ணப்பம்) போட்டுவிட வேண்டும், கிளம்பிவிட்டால் அதுவும் போச்சு.

வைகை போயே போய்விட்டது, இரவு பாண்டியனைத்தான் நம்ப வேண்டும் என்றால், முதலில் கரண்ட் புக்கிங்கில் பாருங்கள். சார்ட் போட்ட பின் மிச்சமிருக்கும் இடங்கள் அதில் வரும். அதுவும் இல்லையென்றால் முன்பதிவில்லாத டிக்கெட் ஒன்றைத் தனியாக எடுத்துக்கொண்டு, ஏறுவதற்கு முன்பே நடைமேடையில் டி.டி.இ.யிடம் கேட்கலாம். காலி இருந்தால் வித்தியாசத் தொகை வாங்கிக்கொண்டு கொடுப்பது உண்டு. ஆனால் அதை நம்பி எழுபது வயதுக்காரரை அனுப்ப வேண்டாம் என்பேன்.

ஒன்று சொல்லட்டுமா? கண் பரிசோதனையில் கண்ணின் பாப்பா (கண்மணி) விரிய சொட்டு மருந்து விட்டால் சில மணி நேரம் பார்வை மங்கலாகவே இருக்கும், வெயிலில் கண் கூசும். அந்தக் கண்ணோடு அவரை மதிய வண்டிக்கு ஓட வைப்பதே சரியில்லை. இப்போதே வைகையை ரத்து செய்துவிட்டு, மூத்த குடிமக்கள் ஒதுக்கீட்டில் கீழ்ப் படுக்கை கேட்டு பாண்டியனில் போட்டுவிடுங்கள். அப்பா சாயங்காலம் வரை நிதானமாக இருந்துவிட்டு எழும்பூர் வரலாம்.

கேள்வி: நெல்லை எக்ஸ்பிரஸில் வெயிட்டிங் லிஸ்ட். இடம் உறுதியாகாவிட்டால் மாற்று வண்டியில் இடம் தரும் ‘விகல்ப்’ திட்டத்தைக் கேட்டிருந்தேன், வேறு வண்டியில் இடம் வந்திருக்கிறது. எனக்கு நெல்லைதான் வசதி. பழைய டிக்கெட்டில் அதிலேயே போய்விடலாமா?
– வாசகர், பாளையங்கோட்டை

பதில்: முடியாது சார். மாற்று வண்டியில் இடம் கொடுத்த நொடியிலிருந்து நீங்கள் அந்த வண்டியின் பயணி. இப்போது ரத்து செய்தாலும் உறுதியான டிக்கெட்டுக்கான பிடித்தம்தான் விழும். கட்டண வித்தியாசத்தைக் கூடுதலாகக் கேட்க மாட்டார்கள், குறைவாக இருந்தால் திருப்பித் தரவும் மாட்டார்கள். புறப்படும் நிலையத்தை மட்டும் நன்றாகப் பாருங்கள், பக்கத்து நிலையமாக மாறியிருக்கலாம். எழும்பூரில் காத்திருக்கும்போது வண்டி தாம்பரத்திலிருந்து கிளம்பினால் என்ன செய்வீர்கள்?

கேள்வி: திருச்சியிலிருந்து ஈரோடு, அங்கிருந்து கேரளா எக்ஸ்பிரஸில் டெல்லி. முதல் வண்டி தாமதமாகி இரண்டாவதை விட்டுவிட்டால், அடுத்து வரும் டெல்லி வண்டியில் ஏற விடுவார்களா?
– வாசகர், லால்குடி

பதில்: ஏற விட மாட்டார்கள், ஆனால் பணத்தைக் காப்பாற்றலாம். 2019 ஏப்ரல் முதல் இரண்டு பி.என்.ஆர்.களை (டிக்கெட்டின் முன்பதிவு எண்களை) இணைக்கும் வசதி இருக்கிறது. இரண்டிலும் பயணிகளின் பெயர் விவரம் ஒன்றாக இருக்க வேண்டும், முதல் டிக்கெட் முடியும் நிலையத்தில் இரண்டாவது தொடங்க வேண்டும். உங்களுக்கு இரண்டுமே ஈரோடு என்பதால் சிக்கல் இல்லை. இணைத்திருந்தால், முதல் வண்டியின் தாமதத்தால் தவறவிட்ட பயணத்துக்குப் பணம் திரும்பும். முதல் வண்டி ஈரோடு வந்து சேர்ந்த 3 மணி நேரத்துக்குள் டி.டி.ஆர். போடுங்கள். இந்த வசதி இருப்பதே நிறைய பேருக்குத் தெரியவில்லை என்பது எனக்குப் பெரிய ஆதங்கம். டிக்கெட் எடுக்கும்போதே இணைத்துவிடுங்கள், முடிந்தால் முந்தைய வண்டியிலேயே ஈரோடு போய்ச் சேருங்கள்.