வெட்டிய பச்சை மாமரக் கட்டையில் கறுப்புக் கோடுகளை வரவைத்துக் கடைவது எப்படி? கொழும்பில் இது சாத்தியமா?

சாத்தியம்தான். கொழும்பில் கோடுகளை வரவைப்பது பெரிய வேலை அல்ல. வந்ததும் நிறுத்துவதுதான் வேலை.

இதைப் பற்றிக் கிடைக்கும் குறிப்புகளில் பெரும்பாலானவை குளிர்நாட்டு மேப்பிள், பீச் மரங்களுக்காக எழுதப்பட்டவை. அங்கே கட்டையை மாதக்கணக்கில் சூடாக வைத்திருக்கப் பாடுபடுகிறார்கள். இந்தக் கோடுகளை உண்டாக்குபவை மரத்தை உண்ணும் பங்கசுகள். அவற்றில் பலவற்றுக்கு 20 முதல் 30 பாகை செல்சியஸ் வெப்பம் பிடிக்கும். நமக்கு ஆண்டு முழுவதும் இரவும் பகலும் அதை ஒட்டித்தான் இருக்கிறது. அவர்களுடைய கால அளவை அப்படியே எடுத்துக்கொண்டால், உங்களுக்குக் கிடைப்பது உக்கிப்போன விறகு.

ஒரே கட்டைக்குள் இரண்டு பங்கசுகள் எதிர்ப்படும்போது ஒவ்வொன்றும் தன் எல்லையில் மெலனின் நிறைந்த சுவரை எழுப்புகிறது. நாம் காணும் கறுப்புக் கோடு அதுதான். ஒரே இனத்தின் இரண்டு தனி உயிர்களுக்கிடையிலும் இது நடக்கும். சைலேரியா போன்ற பங்கசுகள் போட்டி இல்லாமலே தம்மைச் சுற்றிக் கோடு போட்டுக்கொள்ளும். ஆகவே, வெவ்வேறு இடங்களில் விழுந்து கிடக்கும் இரண்டு உக்கல் கட்டைகளிலிருந்து சிறு துண்டுகளை எடுத்து, உங்கள் கட்டையின் இரு முனைகளிலும் ஒவ்வொன்றாக வையுங்கள்.

மாமரம் இதற்கு அருமையானது: வெளிர் நிறம், எளிதில் பங்கசு பிடிக்கும். புளியின் வெளிமரமும் நன்றாக வரும். இறப்பர் மரத்தில் பங்கசு தரும் நீலக்கறை விரைவாக ஏறும், ஆனால் வண்டும் கூடவே வரும். பலா, தேக்கு வயிரத்தில் நேரத்தை வீணாக்க வேண்டாம்; அவை உக்கலை எதிர்ப்பவை.

பட்டையை உரிக்காமல், ஈரமான மரத்தூளோடு கட்டையைப் பொலித்தீன் பைக்குள் இட்டு, வாயைத் தளர்வாகக் கட்டி நிழலில் வையுங்கள். மரத்தின் ஈரம் 30 சதவீதத்துக்கு மேல் இருக்க வேண்டும். அதற்காகத் தண்ணீரில் ஊறப்போட வேண்டாம். மரத்தின் துளைகள் நீரால் நிறைந்துவிட்டால் பங்கசுக்குக் காற்று இல்லை. கறையான் ஏறாமல் இருக்கச் செங்கல் அடுக்கி அதன் மேல் வைப்பது நல்லது. மேற்பரப்பில் படரும் பச்சைப் பூஞ்சணத்தைப் பார்த்து மகிழாதீர்கள், அது முதல் உளியிலேயே போய்விடும். 15, 16ஆம் நூற்றாண்டு இத்தாலியில் மரத்துண்டுகளைப் பதித்துச் சித்திரம் செய்த கைவினைஞர்கள் போற்றிய நீலப்பச்சை மரம் வேறு: குளோரோசிபோரியா என்னும், மிக மெதுவாக வளரும் பங்கசு தந்த நிறம் அது.

வாரம் ஒருமுறை முனையிலிருந்து ஒரு மெல்லிய வில்லையை அறுத்துப் பாருங்கள். கோடுகள் தெளிந்து, நகம் இன்னும் பதியாமல் இருக்கும்போதே கடைசலில் ஏற்றிவிடுங்கள். 'இன்னும் கொஞ்சம் வரட்டும்' என்ற ஆசைதான் நல்ல கட்டைகளைக் கெடுக்கிறது. ஈரத்தோடே முரட்டு வடிவம் கொடுத்து, சுவர்த் தடிப்பை விட்டத்தில் பத்தில் ஒரு பங்காக விட்டு, காற்றோட்டமான கூரையின் கீழ் உலர விடுங்கள். ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே இறங்கியதும் வளர்ச்சி நின்றுவிடும்.

முடிக்கும்போது மென்மையான இடங்களில் நீர்த்த சூப்பர் குளூ ஊற்றி இறுக்குங்கள். உளியை அடிக்கடி தீட்டுங்கள். மழுங்கிய உளி வெளுத்த பகுதிகளைப் பிய்த்துவிடும். ஒரு விடயத்தில் தயவுசெய்து பிடிவாதமாக இருங்கள்: இந்தத் தூளைச் சுவாசிக்க வேண்டாம். சாதாரணத் துணி முகக்கவசம் போதாது, வடிகட்டி உள்ள தூசிக் கவசம் வேண்டும். ஆஸ்துமா உள்ளவர்கள் இந்த மரத்தைக் கடையாமலே இருப்பது நல்லது.

கடைந்ததைப் பழத்தட்டாகவோ அலங்காரச் சாடியாகவோ வைத்துக்கொள்ளுங்கள். கறிக் கிண்ணமாக்க வேண்டாம். உலர்ந்த மரத்தில் பங்கசு ஓய்ந்தாலும் முழுதாகச் செத்துவிட்டது என்று சொல்ல முடியாது, தொடர்ந்து நனைந்தால் மறுபடி வளரத் தொடங்கலாம்.