விண்கல் மழை பார்க்க டெலஸ்கோப் வாங்கலாமா?

கேள்வி: 2025 ஆகஸ்ட் 12 அன்று பெர்சீட் விண்கல் மழை, மணிக்கு நூறு எரிநட்சத்திரங்கள் தெரியும் என்று செய்தியில் போட்டிருந்தார்கள். பிள்ளைகளோடு மொட்டைமாடியில் இரவு எட்டரை முதல் பத்தரை வரை பார்த்தோம். ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. டெலஸ்கோப் இல்லாததுதான் காரணமா? 2026 டிசம்பரில் வருவதற்காவது ஒன்று வாங்கி வைக்கலாமா? நம் ஊரில் எந்த மாதம் எதைப் பார்ப்பது நல்லது? – ஒரு வாசகி, திருப்பூர்

பதில்: வாங்க வேண்டாம். டெலஸ்கோப்பில் வானத்தின் ஒரு துளிதான் தெரியும். எரிநட்சத்திரம் எந்த மூலையில் கீறும் என்று யாருக்கும் தெரியாது, அரை விநாடியில் முடிந்தும் விடும். இதற்கு வெறும் கண்தான் சரியான கருவி.

நீங்கள் பார்த்த நேரம்தான் முதல் கோளாறு. பெர்சீட் கற்கள் வானத்தில் ஒரு புள்ளியிலிருந்து கிளம்பி வருவதுபோல் தோன்றும். ஆகஸ்ட் நடுவில் அந்தப் புள்ளி திருப்பூரின் வடகிழக்கு அடிவானத்துக்கு மேலே வரவே இரவு 11 மணி ஆகிவிடும். நீங்கள் இறங்கிப் போன பிறகுதான் ஆட்டமே ஆரம்பம். விடியும் நேரத்தில்கூட நம் ஊரில் அது 40 பாகை உயரத்தைத்தான் தொடும் (நேர் தலைக்கு மேலே என்றால் 90). பெர்சீட் அடிப்படையில் உலகின் வடக்கே இருக்கும் நாட்டுக்காரர்களின் மழை. போதாக்குறைக்கு ஆகஸ்ட் 9 அன்றுதான் பௌர்ணமி. 12-ஆம் தேதி ஒன்பது மணிவாக்கில் பெரிய நிலா ஏறி, மங்கலானதையெல்லாம் அழித்திருக்கும். ஆடி மாதத்து மேகத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

செய்தியில் வரும் அந்த ‘நூறு’ பொய் இல்லை. ஆனால் அது ஒரு கணக்கு: புள்ளி நேர் தலைக்கு மேலே, நிலா கிடையாது, 6.5 ஒளித்தரம் (எண் கூடக்கூட நட்சத்திரம் மங்கல்) வரை நட்சத்திரம் தெரியும் கும்மிருட்டு, இத்தனையும் இருந்தால் ஒருவர் ஒரு மணி நேரத்தில் பார்க்கக்கூடிய எண்ணிக்கை. கண்ணுக்கு எட்டும் ஒளித்தரம் ஒரு படி குறைந்தால் எண்ணிக்கை ஏறத்தாழ இரண்டரை மடங்கு குறையும். ஊருக்குள் 4.5 வரை தெரிவதே பெரிது. அதாவது இரண்டு படி குறைவு. 150 என்று சொல்லும் மழை அங்கே மணிக்கு இருபது சொச்சம்தான். புள்ளி தாழ்வாக இருந்தால் அதுவும் இல்லை.

உங்கள் வானம் எந்த லட்சணத்தில் இருக்கிறது என்று பார்க்க எளிய வழி ஒன்று உண்டு. டிசம்பரில் இரவு எட்டு மணிக்குக் கிழக்கே நன்றாக உயர்ந்து நிற்கும் கார்த்திகை நட்சத்திரக் கூட்டத்தைப் பாருங்கள். ஆறும் தனித்தனியாகத் தெரிந்தால் சுமாரான வானம். ஏழு, எட்டு என்று எண்ண முடிந்தால் நல்ல இடம். வெறும் புகைத் திட்டாகத் தெரிந்தால் வண்டியை எடுத்துக்கொண்டு ஊரைவிட்டுக் கிளம்ப வேண்டியதுதான்.

எங்கே போவது? உடுமலை, தாராபுரம் பக்கம் தோட்டத்துச் சாளை வைத்திருக்கும் சொந்தக்காரர் யாராவது இருந்தால் அதைவிட நல்ல இடம் கிடையாது. களத்தில் கயிற்றுக் கட்டிலைப் போட்டுப் படுத்தால் அடிவானம் வரை திறந்து கிடக்கும். காற்றாலைகளின் சிவப்பு விளக்குகள் மினுக்கும் பக்கம் கால் நீட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள், அவ்வளவுதான். காட்டுக்குள் மட்டும் போக வேண்டாம். அனுமதி இல்லாமல் இரவில் விடமாட்டார்கள், யானை நடமாட்டமும் உண்டு.

சரி, டிசம்பருக்கு வருவோம். ஜெமினிட்தான் நமக்கு வாய்த்த மழை. எண்ணிக்கையில் ஆண்டிலேயே முதல் வரிசையில் நிற்பது இது. பெரும்பாலான விண்கல் மழைகளைப்போல் வால்நட்சத்திரத்தின் தூசியிலிருந்து வருவதும் இல்லை. 1983-இல் ஐராஸ் என்ற அகச்சிவப்புச் செயற்கைக்கோள் கண்டுபிடித்த ஃபேத்தான் என்ற சிறுகோள்தான் இதன் மூலம். கற்கள் விநாடிக்கு 35 கிலோமீட்டர் வேகத்தில் வருகின்றன. பெர்சீட் 59 கிலோமீட்டர். அதனால் ஜெமினிட் சற்று நிதானமாகக் கோடு இழுக்கும், “அதோ!” என்று கை நீட்டினால் பக்கத்தில் இருப்பவரும் சில நேரம் பார்த்துவிட முடியும்.

இதன் புள்ளி மிதுன ராசியில், புனர்பூசத்தின் இரட்டை நட்சத்திரங்களுக்குப் பக்கத்தில் இருக்கிறது. இரவு 8 மணிக்கெல்லாம் வடகிழக்கில் எழுந்துவிடும். இரண்டு மணிவாக்கில் தலைக்கு மேலே, கொஞ்சம் வடக்கே தள்ளி நிற்கும். பிள்ளைகளை நடு இரவில் எழுப்ப வேண்டாம் என்றால் பத்து மணிக்கே கொஞ்சம் பார்க்கலாம். முழு விருந்து 12 முதல் 4 வரை. புள்ளியையே முறைத்துக்கொண்டிருக்கக் கூடாது. அதன் அருகே கோடுகள் குட்டையாக இருக்கும். சற்று விலகி, வானம் எங்கே அதிக இருட்டோ அங்கே பாருங்கள். நகரும் ஒளியெல்லாம் எரிநட்சத்திரம் அல்ல. நிமிடக்கணக்கில் ஊர்ந்து போனால் செயற்கைக்கோள், மினுக்கிக்கொண்டே போனால் விமானம்.

கண் இருட்டுக்குப் பழக அரை மணி நேரம் பிடிக்கும். இடையில் ஒரே ஒரு முறை வாட்ஸ்அப் பார்த்தாலும் மறுபடி முதலிலிருந்து. டார்ச்சுக்குச் சிவப்பு செலோஃபேன் தாளை இரண்டு மடிப்பாக ரப்பர் பேண்டில் கட்டிக்கொள்ளுங்கள். கார்த்திகைக் கடைசி என்பதால் பனி இறங்கும். போர்வையும் தலைக்கு மஃப்ளரும் கட்டாயம்.

வடகிழக்குப் பருவமழைதான் ஒரே வில்லன். அதற்காக ஒரே இரவை நம்பியிருக்காதீர்கள். டிசம்பர் 12, 13, 14 மூன்று இரவுகளையும் ஒதுக்கி வையுங்கள். உச்சம் தாண்டினால் சட்டென்று வடிந்துவிடும். மழை விட்ட மறுநாள் தூசி அடங்கிய வானம் கிடைத்தால் அதிர்ஷ்டம். அக்டோபரின் ஓரியனிட், நவம்பரின் லியோனிட் இரண்டும் அதே மழைக்காலத்தில் வருவதால் நான் யாருக்கும் பெரிதாகச் சிபாரிசு செய்வதில்லை. ஏப்ரல் 22-ஐ ஒட்டி வரும் லிரிட் எண்ணிக்கையில் குறைவு.

ஆனால் யாரும் கவனிக்காத ஒன்று சித்திரையில் இருக்கிறது: ஹாலி வால்நட்சத்திரத்தின் தூசி கொண்டுவரும் ஈட்டா அக்வாரிட், மே 5, 6-ஐ ஒட்டி. ஐரோப்பாவில் இதன் புள்ளி சரியாக எழுவதற்குள் பொழுது விடிந்துவிடும். நமக்கு இரண்டு மணிக்கே கிழக்கில் வந்துவிடும். மூன்று முதல் நாலே முக்கால் வரை பார்க்கலாம். மின்னல் வேகம், பின்னால் சில விநாடி நிற்கும் புகைத் தடம். கத்திரி வெயில் காலம் என்பதால் எப்படியும் மொட்டைமாடியில்தான் படுத்திருப்பீர்கள்.

எதற்கும் தினசரி காலண்டரில் திதியைப் பார்த்துவிடுங்கள். வளர்பிறை அஷ்டமி வரை நிலா நடு இரவுக்குள் மறைந்துவிடும். தேய்பிறை அஷ்டமிக்குப் பிறகு நடு இரவுக்குப் பின்தான் எழும். பௌர்ணமியை ஒட்டி நாலைந்து நாள் வந்தால் விட்டுவிடுங்கள். 2026 ஆகஸ்ட் 12 அமாவாசை. அன்றைக்கு ஸ்பெயினில் முழு சூரிய கிரகணமே இருக்கிறது. மேகம் வழிவிட்டால் பெர்சீட்டுக்கு இன்னொரு வாய்ப்பு கொடுக்கலாம், ஆனால் இரவு இரண்டு மணிக்கு மேல். 2026 டிசம்பர் 9 அமாவாசை என்பதால் ஜெமினிட் இரவுகளில் இளம்பிறை பத்து, பத்தரைக்குள் இறங்கிவிடும். 2027 மே 6-உம் அமாவாசைதான், ஈட்டா அக்வாரிட்டுக்கு அப்படியே பொருந்துகிறது. 2027 டிசம்பர் 13 பௌர்ணமி. ஆகவே ஜெமினிட்டை அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட வேண்டாம்.