முன்னுரைய வெட்டிட்டு அனுப்பு தம்பி

தம்பி, நீ அனுப்பின மூணு ஆர்ட்டிகிளையும் நேத்து நைட்டு உக்காந்து படிச்சேன். உன் தமிழ் நல்லாத்தான் இருக்கு, பிரச்சனை அங்க இல்ல. கன்டென்ட் ரைட்டர் வேலைக்கு நாலு இடத்துல டெஸ்ட் எழுதியும் ஒருத்தரும் திரும்பக் கூப்பிடலன்னு சொன்னியே, அதுக்குக் காரணம் மூணு ஃபைல்லயும் முதல் பாராலயே உக்காந்திருக்கு. "இன்றைய நவீன உலகில் கல்வி என்பது இன்றியமையாத ஒன்றாக விளங்குகிறது." இத யாருப்பா மறுக்கப் போறாங்க?

உன்னையும் குத்தம் சொல்ல முடியாது. ஸ்கூல்ல வருஷக்கணக்கா முன்னுரை, பொருளுரை, முடிவுரைன்னே எழுதப் பழக்கிட்டாங்க, முன்னுரைல ஒரு குறளப் போட்டா மார்க் வரும்னு டீச்சரே சொல்லிக் குடுத்தாங்க. ஆனா பேப்பர் திருத்துற வாத்தியார் நீ என்ன எழுதினாலும் படிச்சுத்தான் ஆகணும், அது அவர் வேலை. போன்ல படிக்கிறவனுக்கு அந்தக் கட்டாயம் கிடையாது, பஸ்ல தொங்கிக்கிட்டே கட்டை விரலால தள்ளிட்டுப் போயிட்டே இருப்பான்.

2006ல, வெப்சைட்ட ஜனங்க எப்படிப் பயன்படுத்துறாங்கன்னு ஆராய்ச்சி பண்ற ஜேக்கப் நீல்சன் குழு 232 பேரோட கண்ணு ஸ்க்ரீன்ல எங்கெங்க போகுதுன்னு பாத்தாங்க. மேல ஒண்ணு ரெண்டு வரிய ஓரளவு முழுசாப் பாக்குறாங்க, அப்புறம் இடது ஓரமாவே கீழ இறங்கிடுறாங்க. அது இங்கிலீஷ் பக்கங்கள வச்சுப் பாத்தது. தமிழ்ல இன்னொரு சிக்கலும் இருக்கு. நமக்கு வினைச்சொல் கடைசிலதான் வரும், அதனால முதல் வாக்கியத்த நாலு வரிக்கு இழுத்தா ஆளு என்ன பண்ணான்னு தெரியுறதுக்கு முன்னாடியே படிக்கிறவன் கிளம்பிடுவான். கூகுள் ரிசல்ட்லயும் தமிழ் வார்த்தைங்க நீளமா இருக்கிறதால சீக்கிரமே புள்ளி புள்ளியா வெட்டுப்பட்டுரும். அதனால ஆரம்ப வாக்கியம் குட்டியா இருக்கட்டும், விஷயத்தோட பேரு முதல் நாலஞ்சு வார்த்தைக்குள்ள வந்துடணும்.

இப்ப அரசுப் பள்ளிப் பிள்ளைங்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீடு பத்தி நீ எழுதின ஆர்ட்டிகிள எடுத்துக்குவோம். மெடிக்கலுக்கு 2020ல வந்தது, இன்ஜினியரிங்குக்கு 2021ல வந்ததுன்னு எல்லாம் சரியாத்தான் எழுதிருக்க, ஆனா அஞ்சு பாரா வரலாறு சொன்னதுக்கு அப்புறம் ஆறாவது பாராலதான் எதிர் வீட்டு அக்கா பொண்ணு ரெண்டு ஸ்கூலுக்கும் சர்டிஃபிகேட்டுக்கு அலைஞ்சது வருது. அட அதுதாம்ப்பா ஆரம்பம்! நான் எழுதினா இப்படி ஆரம்பிப்பேன்: "எட்டாவது வரைக்கும் ஒரு ஊரு, ஒன்பதாவதுல இருந்து இன்னொரு ஊரு. 7.5 சதவீத ஒதுக்கீட்டுல சீட் கேக்கணும்னா ரெண்டு அரசுப் பள்ளிலயும் படிச்சதுக்குச் சான்று வேணும்." இத ஒரு அம்மா படிச்சாங்கன்னா, நம்ம பொண்ணும் ஏழாவதுல ஸ்கூல் மாறினாளேன்னு அங்கயே நிப்பாங்க, அதுக்குக் கீழ காலேஜ் டியூஷன் ஃபீஸ அரசே கட்டுதுங்கிறதச் சொல்லு, வரலாறு கடைசில ரெண்டு வரி போதும்.

அதுக்காக எல்லாத்தையும் கதையாவே ஆரம்பிச்சிடாத. உன்னோட ரெண்டாவது ஆர்ட்டிகிள் இன்ஜினியரிங் கட் ஆஃப் கணக்கு. அதத் தேடி வர்ற பையன் மார்க் ஷீட்ட கைல வச்சுக்கிட்டு வர்றான், அவனுக்கு எதிர் வீட்டு அக்கா கதை எதுக்கு? "கணக்கு 100, பிசிக்ஸ் 50, கெமிஸ்ட்ரி 50, மொத்தம் 200க்கு" அப்படின்னு முதல் வரிலயே போட்டுடு. சொல்லிட்டா போயிடுவான்னு பயப்படாத, ரேங்க் எப்படிப் போடுறாங்க, ரெண்டு பேருக்கு ஒரே கட் ஆஃப் வந்தா என்னன்னு அவனுக்கு அடுத்த கேள்வி இருக்கும்.

"உங்களுக்குத் தெரியுமா?"ன்னு ஆரம்பிக்கிறத நிறுத்து, தெரியாமத்தானே வந்திருக்கான். மூணாவது ஆர்ட்டிகிள் நீ எழுதினதே இல்லன்னு எனக்கே தெரிஞ்சுது, ஏஐ எழுதிக் குடுத்த மாதிரி வழவழன்னு இருக்கு, டெஸ்ட் பேப்பர் பாக்குற எடிட்டர் தினமும் அதே மாதிரி பத்து பாக்குறவரு. அத போர்ட்ஃபோலியோல இருந்து தூக்கிடு.

அப்பா பேங்க் எக்ஸாம் எழுதச் சொல்றாருன்னு சண்டை போட வேண்டாம், கோச்சிங் போ, இதுவும் பண்ணு, ரெண்டுக்கும் நேரம் இருக்கு. நீ இன்னும் ஃபைனல் இயர்தான், விகடன் மாணவப் பத்திரிகையாளர் திட்டத்துக்கு அறிவிப்பு எப்ப வருதுன்னும் கண்ணு வச்சுக்கோ, ஃபைனல் இயர் ஆளுங்கள எடுத்துக்குறாங்களான்னு அதுல பாத்துக்கோ, அங்க எழுதினது நாளைக்கு ரெஸ்யூமேல நிக்கும்.

இந்த வாரம் மொத்த ஆர்ட்டிகிளையும் மாத்தாத. ரெண்டுலயும் முதல் பாராவ மட்டும் அழிச்சிட்டு, உள்ள எந்த வரி உன்னையே நிறுத்துதோ அத மேல தூக்கி வச்சு ஞாயித்துக்கிழமைக்குள்ள அனுப்பு. அப்பாகிட்ட நான் பேசிக்கிறேன்.