பெருந்தரவுப் பகுப்பாய்வு அன்றாட வாழ்க்கையில் எங்கே பயன்படுகிறது?

வாரம் மூன்று நாள் அப்பாவை டயாலிசிஸுக்கு அழைத்துப் போகிறேன். சென்னையில் எங்கள் வீடு பல்லாவரம், ஆஸ்பத்திரி அடையாறில். பதினொரு மணி ஷிஃப்ட். நாம் தாமதமானால் அடுத்து வருகிறவருக்கும் தள்ளிப்போகும். சில நாள் நான்கு மணி நேரத்தில் அரை மணியைக் குறைத்துக்கொள்ள வேண்டிவரும். அதனால் பெருந்தரவு (பிக் டேட்டா, அதாவது ஏராளமானவர்களிடமிருந்து வந்து குவியும் தகவல்) என்றாலே எனக்கு முதலில் தோன்றுவது கூகுள் மேப்ஸில் நெரிசலைக் காட்டும் சிவப்புக் கோடுதான். வங்கி, காப்பீடு, வானிலை என்று எங்கெங்கோ இருக்கிறது. தினமும் நான் நம்பிப் போவதை மட்டும் சொல்கிறேன்.

சாலையில் போகிறவர்களில் இருப்பிட அனுமதி கொடுத்தவர்களின் போன்கள், அவை இருக்கும் இடத்தையும் போகும் வேகத்தையும் பெயர் இல்லாமல் கூகுளுக்கு அனுப்பிக்கொண்டே இருக்கின்றன. 2009லேயே இது வந்துவிட்டது. ஒரு போன் நின்றால் ஒன்றுமில்லை, டீ குடிக்க வண்டியை ஓரங்கட்டியிருக்கலாம். நாங்கள் போகும் வழியில் இருக்கிற கத்திப்பாரா சந்திப்பில் நூறு போன் சேர்ந்து ஊர்ந்தால் அது நெரிசல். இந்த நேரத்தில் அந்தச் சாலை வழக்கமாக எப்படி இருக்கும் என்ற பழைய கணக்கையும் சேர்த்துத்தான் 'இன்னும் 40 நிமிடம்' என்கிறது.

நம் ஊரில் ஒரு சிக்கல் உண்டு. கார் நிற்கிற இடத்தில் பைக் சந்து பார்த்துப் போய்விடும். இரண்டையும் ஒன்றாகக் கணக்கெடுத்தால் வேகம் தப்பாக வரும். அதனால் இந்தியாவில் கார் எது, பைக் எது என்று பிரித்துப் பார்க்கிறார்கள். இருசக்கர வண்டிக்கென்று தனி வழிகாட்டலே 2017 டிசம்பரில் இங்கேதான் முதலில் வந்தது.

2020இல் சைமன் வெக்கர்ட் என்ற கலைஞர், 99 பழைய போன்களைச் சின்னக் கைவண்டியில் போட்டு பெர்லின் தெருவில் இழுத்துக்கொண்டு நடந்ததை வெளியிட்டார். காலித் தெரு மேப்பில் சிவந்துவிட்டது. அந்தச் சிவப்பு நம் சட்டைப்பையிலிருந்துதான் போகிறது என்று அந்த வீடியோவைப் பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது.

மேப்புக்கு என் இருப்பிடத்தைக் கொடுப்பதில் எனக்குச் சம்மதம்தான். டார்ச் லைட் ஆப்புக்கு அது எதற்கு? அப்பா போனில் அப்படிக் கேட்டிருந்த நாலைந்து ஆப்களின் அனுமதியை உட்கார்ந்து எடுத்துவிட்டேன்.

இப்போது போனைப் பிடித்துக்கொள்வது அப்பாதான். பல்லாவரம் சிக்னல் வருவதற்குள் விரலால் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "கத்திப்பாரா செவந்து கெடக்குப்பா, ரேடியல் ரோட்டுல போயிடு" என்பார். போன செவ்வாய்க்கிழமை அப்படித் திரும்பி, வேளச்சேரி வழியாக 10.50க்கெல்லாம் உள்ளே போய்விட்டோம்.